மேசை காலியாகத்தானே இருக்கிறது, உட்காரலாமா? 5ஜியும் துணைக்கோளமும் ஒரே அலைக்கற்றையைப் பகிரும் கதை

வீட்டில் வைஃபை ரௌட்டரை அணைத்துவிட்டு மறுபடியும் போடுகிறீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் சில வீடுகளில் ஒரு நிமிடம் வரை பட்டியலிலேயே தென்படாது. ரௌட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அது காதைத் தீட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எதை? ரேடாரை.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சில சேனல்கள் வானிலை ரேடார்களுக்கும் ராணுவ ரேடார்களுக்கும் உரியவை. அந்தச் சேனல்களில் பேசத் தொடங்கும் முன், ரௌட்டர் 60 விநாடி வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும் என்பது விதி. ரேடார் ஒலி கேட்டால் வேறு சேனலுக்குப் போக வேண்டும். நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்டாலும் அப்படித்தான். 10 விநாடிக்குள் இடத்தைக் காலிசெய்ய வேண்டும்.

ஆக, "யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காரும்" கருவி ஒன்று ஏற்கெனவே உங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. இந்த யோசனையின் பெரிய வடிவத்துக்குப் பெயர் காக்னிட்டிவ் ரேடியோ. ரேடியோ என்றதும் வானொலி நிலையத்தை நினைக்க வேண்டாம். வானலைகளில் பேசும் எந்தக் கருவியும் ரேடியோதான்: திறன்பேசி, ரௌட்டர், கூரைமேல் உள்ள டிஷ், எல்லாமே. சூழலைப் புரிந்துகொண்டு தன் போக்கை மாற்றிக்கொள்ளும் ரேடியோ, காக்னிட்டிவ் ரேடியோ.

இது ஏன் இப்போது செய்தி? 5ஜிக்கு இடம் வேண்டும். துணைக்கோளங்களுக்கும் இடம் வேண்டும். இருவரும் கேட்பது பெரும்பாலும் அதே இடத்தை. நம் வட்டாரத்தில் அந்தப் போட்டி கொஞ்சம் வித்தியாசமானது, ஏனென்றால் நாம் இருப்பது பூமத்தியரேகைக்குப் பக்கத்தில். அதற்கு வருவோம்.

டிஷ்யூ பாக்கெட் வைத்த மேசை

உணவங்காடியில் மதிய நேரம். கையில் தட்டோடு நிற்கிறீர்கள். காலியாக ஒரு மேசை. ஆனா அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ 'சோப்' செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வரிசையில் நிற்கிறார். மேசை பத்து நிமிடம் காலியாகவே கிடக்கிறது, நீங்கள் நின்றுகொண்டே இருக்கிறீர்கள்.

அலைக்கற்றையும் பல காலமாக இப்படித்தான் பங்கிடப்பட்டுள்ளது. ஓர் அரசாங்க அமைப்பு உரிமம் தரும். உரிமம் பெற்றவர் பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த இடம் அவருடையது. குறுக்கீடு வராது என்பதில் இந்த முறைக்கு இணையே இல்லை. ஆனால் வீணும் அதிகம். அமெரிக்காவின் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் அமைத்த பணிக்குழு 2002இல் இதையே சொன்னது: பல இடங்களில் பிரச்சினை அலைகள் தீர்ந்துபோனது அல்ல, இருப்பதைப் பயன்படுத்த வழி இல்லாததுதான்.

அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே, 1999இல், ஜோசப் மிட்டோலா என்ற ஆய்வாளர், ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பேராசிரியர் ஜெரால்ட் மெக்வயருடன் எழுதிய கட்டுரையில் காக்னிட்டிவ் ரேடியோ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கருவி முதலில் சுற்றிலும் கவனிக்க வேண்டும், பிறகு முடிவெடுக்க வேண்டும், செயல்பட வேண்டும், நடந்ததிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். சேனல், சக்தி, அலையின் வடிவம் எல்லாவற்றையும் மென்பொருளே மாற்றக்கூடிய ரேடியோக்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே கற்பனை அவ்வளவு தூரத்தில் இல்லை.

சிங்கப்பூர் இதில் சீக்கிரமே கால் வைத்தது என்பது பலருக்குத் தெரியாது. தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு இடையே காலியாகக் கிடக்கும் இடைவெளிகளை மற்றவர்கள் பயன்படுத்துவதற்கான விதிமுறை இங்கு 2014இல் நடப்புக்கு வந்தது. கருவி தான் இருக்கும் இடத்தைச் சொல்லி ஒரு தரவுத்தளத்தைக் கேட்கும். எந்தச் சேனல் காலி என்று தரவுத்தளம் பதில் சொல்லும். உலக அளவில் அந்தத் தொழில்நுட்பம் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. ஆனால் "காதால் கேட்காதே, பட்டியலைப் பார்த்துக்கொள்" என்ற அதன் பாடம் பிழைத்துக்கொண்டது. துணைக்கோள விவகாரத்தில் அந்தப் பாடம்தான் கைகொடுக்கிறது.

பேசாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரேடார் சத்தம் போடும். அதனால் ரௌட்டரால் அதைக் கேட்க முடிகிறது. துணைக்கோள டிஷ் அப்படியில்லை. தொலைக்காட்சி பார்க்கும் டிஷ் எதையும் அனுப்புவதில்லை. அது வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறது. இருட்டு அறையில் ஒருவர் மூச்சுவிடாமல் உட்கார்ந்து, மெல்லிய குரலொன்றைக் கேட்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். சத்தமே இல்லை. "அறை காலி" என்று முடிவு செய்து பாட்டுப் போடுகிறீர்கள். தவறு உங்கள் காதில் இல்லை. அவர் இருப்பதைக் காதால் அறிய வழியே இல்லை.

"துணைக்கோளத்தின் குரலையாவது கேட்கலாமே?" என்று கேட்பீர்கள். கேட்கலாம், ஆனால் பயனில்லை. அது ஒரு கண்டத்தின் பெரும்பகுதி முழுக்க ஒரே மாதிரி விழுந்துகொண்டிருக்கும். பக்கத்தில் டிஷ் வைத்திருப்பவர் இருக்கிறாரா இல்லையா என்பதை அது சொல்லாது.

அந்தக் குரல் எவ்வளவு மெல்லியது? தொலைக்காட்சித் துணைக்கோளங்கள் பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். 5ஜி கோபுரமோ உங்கள் புளோக்கிலிருந்து 350 மீட்டரில் இருக்கலாம். ஏறக்குறைய 100,000 மடங்கு பக்கம். தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அலை பலவீனமாகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். இரண்டும் ஒரே சக்தியில் அனுப்பினால், கோபுரத்தின் அலை 10 பில்லியன் மடங்கு வலுவாக வந்து சேரும். டிஷ் மேல்நோக்கித் திரும்பியிருப்பதால் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி அடிபட்டுப்போகும். மிச்சமே போதும், படத்தைக் கெடுக்க.

சி-பேண்ட்: மழைக்கு அஞ்சாத அலை

இப்போது நம் ஊர் விஷயம். மாலையில் கனமழை பிடித்ததும் கூரைமேல் உள்ள சின்ன டிஷ்ஷில் படம் உறைந்துபோவதை மலேசியாவில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். அந்த டிஷ்கள் கே-யூ பேண்டில், அதாவது ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அங்கு ஓர் அலையின் நீளம் 2.5 சென்டிமீட்டர். வெப்பமண்டல மழையின் பெரிய துளிகள் அந்த அலையை நன்றாகவே உறிஞ்சிச் சிதறடிக்கும்.

சி-பேண்ட் வேறு ரகம். துணைக்கோளத்திலிருந்து கீழே வருவது 4 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், அலைநீளம் 7.5 சென்டிமீட்டர். மழைத்துளிகள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் மழை அதிகமான தென்கிழக்காசியாவில், ஆப்பிரிக்காவில், தென்னமெரிக்காவில் சி-பேண்டை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு ஒளிவழிகள் ஒளிபரப்பு நிலையங்களுக்கு வந்துசேர்வது, கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் எண்ணெய் மேடைகளின் தொடர்பு, தீவுகளில் உள்ள வங்கிக் கிளைகள், கடலடிக் கம்பிவடம் அறுந்தால் மாற்று வழி எனப் பலவும் இதை நம்பியிருக்கின்றன. இந்தோனேசியா 1976இல் பாலாப்பா துணைக்கோளத்தைப் பாய்ச்சியது, ஆயிரக்கணக்கான தீவுகளைச் சேர்த்துக்கட்ட. 1971இல் செந்தோசாவில் திறக்கப்பட்ட துணைக்கோளத் தரைநிலையத்தின் மூலம் சிங்கப்பூர் முதன்முதலாக விண்வெளி வழியே உலகோடு பேசியது. சிங்டெல், தைவானின் சுங்வா டெலிகாமோடு சேர்ந்து 2011இல் அனுப்பிய எஸ்டி-2 துணைக்கோளத்திலும் சி-பேண்ட் உண்டு.

சிக்கல் எங்கே வந்தது? 5ஜிக்கு மிகவும் தோதான இடமும் இதன் ஓரத்தில்தான் இருக்கிறது. கீழே போனால் அலை தூரம் போகும், ஆனால் தரவு அதிகம் கொள்ளாது. மேலே போனால் தரவு கொட்டும், ஆனால் சுவரைத் தாண்டாது. நடுவில் 3.5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் சமரசம். பாரம்பரியமாகத் துணைக்கோளத் தரைநிலையங்கள் 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்டுக்கொண்டிருந்த இடம்.

இது திடீரென்று முளைத்த சண்டை இல்லை. 2007இல் ஜெனிவாவில் நடந்த உலக வானலை மாநாட்டிலேயே கைத்தொலைபேசித் தரப்பும் துணைக்கோளத் தரப்பும் மோதின. அதற்கு முன்பே பொலிவியாவில், இந்த அலைகளில் வைமேக்ஸ் இணையச் சேவை தொடங்கியபோது துணைக்கோளத் தொலைக்காட்சி பாதிக்கப்பட்டது. மாநாட்டில் துணைக்கோளத் தரப்பு அடிக்கடி சுட்டிக்காட்டிய உதாரணம் அது. கடைசியில் 3.4 முதல் 3.6 வரை விருப்பமுள்ள நாடுகள் கைத்தொலைபேசிக்குத் தரலாம் என்று முடிவானது. அதே அலையில் இரண்டும் இயங்க வேண்டுமானால், கோபுரத்துக்கும் டிஷ்ஷுக்கும் இடையே பல பத்து கிலோமீட்டர் தூரம் வேண்டியிருக்கலாம் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆய்வுகள் சொல்கின்றன.

பல பத்து கிலோமீட்டர்! சிங்கப்பூரின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே உள்ள தூரமே சுமார் 50 கிலோமீட்டர். ஜொகூர் பாரு பாலத்துக்கு அந்தப் பக்கம். பாத்தாம் 20 கிலோமீட்டரில். இங்கே ஒரு கோபுரம் வைத்தால் மூன்று நாடுகளின் டிஷ்களை நினைத்துப்பார்க்க வேண்டும். அதற்காகவே சிங்கப்பூர், மலேசியா, புருணை ஆகியவை சேர்ந்து அலைவரிசைகளை ஒருங்கிணைக்கும் குழு ஒன்றை நெடுங்காலமாக நடத்திவருகின்றன. இந்தோனேசியாவோடும் பேச்சு நடக்கிறது. செய்தியில் அதிகம் அடிபடாத குழு. ஆனால் உட்லண்ட்ஸில் உங்கள் கைத்தொலைபேசி ஓரளவு ஒழுங்காக வேலை செய்வதில் அதற்கும் பங்கு உண்டு.

2020இல் சிங்கப்பூர் 3.5 கிகாஹெர்ட்ஸில் இரண்டே இரண்டு 100 மெகாஹெர்ட்ஸ் தொகுதிகளைத் தந்தது. ஒன்று சிங்டெலுக்கு, மற்றது ஸ்டார்ஹப், எம்1 கூட்டணிக்கு. நாடு முழுதுக்கும் நான்கு தனித்தனி 5ஜி கட்டமைப்புகள் வராததற்கு இந்த இடத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

இன்னொரு நுணுக்கம். 5ஜி தன் எல்லைக்குள்ளேயே பேசினாலும் டிஷ் கெட்டுப்போகலாம். டிஷ்ஷின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி, எல்என்பி, 3.4 முதல் 4.2 வரை எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கும்படி செய்யப்பட்டது. அதற்கு வேண்டியது 3.9இல் இருக்கலாம்; 3.5இல் யாராவது கத்தினால் அது திணறி, வேண்டியதையும் கோட்டைவிடும். மருந்து மலிவானதுதான்: டிஷ்ஷின் வாயில் ஒரு வடிகட்டி. ஆனால் யாரிடம் டிஷ் இருக்கிறது என்று தெரிந்தால்தானே பொருத்த முடியும்? வெறுமனே கேட்கும் டிஷ்களைப் பதிவு செய்யும் பழக்கம் பல நாடுகளில் இருந்ததில்லை. எங்களைப் போன்ற ஒளிபரப்பாளர்களின் கூரையில் உள்ளவை தெரியும். ஹோட்டல்கள், வழிபாட்டு இடங்கள், தோட்டப்புற வீடுகளில் உள்ளவை?

அமெரிக்கா என்ன செய்தது?

இரண்டு வழிகளை அடுத்தடுத்து முயன்றது. முதலாவது, காக்னிட்டிவ் யோசனைக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய நிஜ உதாரணம்.

3.55 முதல் 3.7 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 150 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்கக் கடற்படையின் ரேடார்கள் இருந்தன. மேல்பகுதியில் சில துணைக்கோளத் தரைநிலையங்களும் இருந்தன. அவர்களை எழுப்பி அனுப்பவில்லை. மேசையை மூன்று அடுக்காக்கினார்கள். கடற்படையும் தரைநிலையங்களும் முதல் அடுக்கு. யார் எப்போது வந்தாலும் அவர்களுக்கே முதலிடம். ஏலத்தில் பணம் கட்டியவர்கள் இரண்டாம் அடுக்கு. மிச்சமிருக்கும் இடத்தில் பள்ளி, தொழிற்சாலை, துறைமுகம் என யாரும் உட்காரலாம். அது மூன்றாம் அடுக்கு.

யார் எங்கே உட்காரலாம் என்று சொல்வது ஒரு மென்பொருள் தளம். கூகல் உட்படச் சில நிறுவனங்கள் அதை நடத்துகின்றன. ஒவ்வோர் அலைபரப்பியும் தன் இடம், உயரம், சக்தி எல்லாவற்றையும் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். கிடைத்த பிறகும் "இன்னும் பேசலாமா?" என்று அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதயத்துடிப்பு மாதிரி. கடற்கரை நெடுக உணர்கருவிகள் ரேடாரைக் கேட்டுக்கொண்டிருக்கும். போர்க்கப்பல் ஒன்று நெருங்கி ரேடாரைப் போட்டால், 5 நிமிடத்துக்குள் அந்தப் பகுதியில் உள்ளவர்கள் அடங்க வேண்டும் அல்லது வேறு சேனலுக்கு மாற வேண்டும். தரைநிலையங்களுக்கோ உணர்கருவி கிடையாது. அவை பதிவேட்டில் இருக்கின்றன. எந்த அலைபரப்பி எவ்வளவு பேசினால் அந்த டிஷ் தாங்கும் என்று தளம் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். சத்தம் போடுபவருக்குக் காது, மௌனமாக இருப்பவருக்குப் பதிவேடு. 2020இன் தொடக்கத்திலிருந்து முழு அளவில் ஓடுகிறது.

இரண்டாவது வழி, சுருக்கமாகச் சொன்னால், பணம். 3.7 முதல் 4.2 வரை உட்கார்ந்திருந்த துணைக்கோளங்களை 4.0க்கு மேலே நெருக்கி உட்காரவைத்துவிட்டு, காலியான இடத்தில் 280 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டார்கள். 2021இல் முடிந்த அந்த ஏலத்தில் ஏறக்குறைய 81 பில்லியன் அமெரிக்க டாலர் விழுந்தது. சீக்கிரம் நகர்ந்த துணைக்கோள நிறுவனங்களுக்கு 9.7 பில்லியன் டாலர் வரை ஊக்கத்தொகை. இதற்கு முன்னால் அங்கேயும் டிஷ் கணக்கெடுப்பு நடத்தவேண்டி வந்தது என்பதைக் கவனியுங்கள்: 2018இல், பதிவு செய்யாத டிஷ்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்காது என்று அறிவித்துப் பதிவுக்கு அவகாசம் கொடுத்தார்கள்.

அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு "நாமும் செய்யலாமே" என்று சொல்வது எளிது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் நம் மாதிரி மழை இல்லை. கண்ணாடியிழைக் கம்பிவடம் நாடு முழுக்க ஓடுகிறது. சி-பேண்டை விட்டால் அவர்களுக்கு மாற்று உண்டு. போர்னியோவின் உட்புறத்துக்கோ கிழக்கு இந்தோனேசியாவுக்கோ அதே கணக்கைப் போட முடியாது. என் பார்வையில், இந்த வட்டாரத்துக்கு ஏற்றது முதல் வழிதான். அதற்கு முதல் படி ஏலமில்லை, பதிவேடு.

அதே பேண்ட், எதிர்த் திசை

இதுவரை பேசியது மேலிருந்து கீழே வரும் அலை. கீழிருந்து மேலே போகும் சி-பேண்ட் 5.925 முதல் 6.425 கிகாஹெர்ட்ஸ் வரை. எண் பழகியதாக இருக்கிறதா? புது ரௌட்டர் பெட்டியில் வைஃபை 6இ என்று போட்டிருந்தால், அது இயங்கும் இடம் இதுதான். மலேசியா 2022இலும் சிங்கப்பூர் 2023இலும் இந்த 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிட்டன. துணைக்கோளத்தை யாரும் வெளியேற்றவில்லை.

இங்கே மட்டும் ஏன் பகிர முடிந்தது? ஏனென்றால் இங்கே கேட்பவர் 35,786 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். உங்கள் படுக்கையறை ரௌட்டரின் குறைந்த சக்தி, சுவரையும் கூரையையும் தாண்டி, அவ்வளவு தூரம் போய்ச் சேரும்போது மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதே இடத்தை வேறு சிலரும் பயன்படுத்துகிறார்கள்: கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு நேர்கோட்டில் அனுப்பும் நுண்ணலை இணைப்புகள். வெளிப்புறத்தில் கூடுதல் சக்தியோடு வைஃபை வைக்க வேண்டுமென்றால் அவர்களைப் பார்த்து நடக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கும் ஒரு தரவுத்தளம். 2024இல் ஏழு நிறுவனங்களுக்கு அதை நடத்த அனுமதி கிடைத்தது.

ஐரோப்பாவில் இன்னொரு கோணம். 2012இல் தொடங்கிய கொராசாட் என்ற ஆய்வுத் திட்டம், பொறுப்பைத் துணைக்கோளத் தரப்பிடமே கொடுத்துப் பார்த்தது. 17.7 முதல் 19.7 கிகாஹெர்ட்ஸ் வரை தரையில் நுண்ணலை இணைப்புகள் ஓடுகின்றன. அவை மெல்லிய கற்றைகள், ஊரெல்லாம் பரவுவதில்லை. வீட்டுத் துணைக்கோள டிஷ் தான் இருக்கும் இடத்தில் எந்த அலைவரிசை சுத்தமாக இருக்கிறது என்று தானே அளந்து, அதில் போய் உட்கார்ந்துகொள்ளலாமே? இங்கே கேட்பவரும் அளப்பவரும் ஒருவரே. இருட்டு அறைச் சிக்கல் வருவதில்லை. "எனக்குப் பாதுகாப்புக் கொடு" என்று கேட்காமல் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் டிஷ். எனக்குப் பிடித்த யோசனை இது.

நம் தலைக்கு நேர்மேலே ஒரு வரிசை

சரி, பூமத்தியரேகைக்கு வருவோம்.

ஆகாயத்தில் நிலையாகத் தெரியும் துணைக்கோளங்கள் எல்லாம் பூமத்தியரேகைக்கு நேர்மேலே ஒரே வளையத்தில் வரிசையாக இருக்கின்றன. லண்டனிலிருந்து பார்த்தால் அந்த வளையம் தெற்கு வானில் தாழ்வாகத் தெரியும். சிங்கப்பூர் வட அகலக்கோடு 1.3 பாகையில் இருக்கிறது. நமக்கு அந்த வளையம் கிழக்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய உச்சந்தலை வழியாகப் போகிறது.

இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. எஸ்டி-2 போன்ற துணைக்கோளத்தைப் பார்க்க இங்கே டிஷ்ஷை ஏறக்குறைய 70 பாகை நிமிர்த்த வேண்டும். கஞ்சிக் கிண்ணம் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அடிவானத்தோரம் நிற்கும் 5ஜி கோபுரங்கள் அதன் பார்வையிலிருந்து நன்றாக விலகி இருக்கும். ஐரோப்பாவில் சாய்ந்து பார்க்கும் டிஷ்ஷுக்கு அந்த வசதி குறைவு.

நஷ்டமும் உண்டு. ஸ்டார்லிங்க் போன்ற தாழ்பாதைத் துணைக்கோளங்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவை பயன்படுத்தும் கே-யூ, கே-ஏ பேண்டுகளில் பலவற்றில், மேலே நிலையாக நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஓடும் துணைக்கோளம், மேலே நிற்கும் துணைக்கோளம், தரையில் உள்ள டிஷ் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால் குறுக்கீடு. வழக்கமான டிஷ் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்; அந்தப் பார்வைக்குக் குறுக்கே, 60 மடங்குக்கும் மேல் பக்கத்தில், ஒருவர் வந்து அதே அலையில் பேசுவார்.

அதனால் 2000ஆம் ஆண்டு உலக வானலை மாநாடு ஒரு வரம்பு வைத்தது: ஓடுபவர்கள் எல்லோரும் சேர்ந்து, நிற்பவர்களின் டிஷ்ஷில் இவ்வளவுக்கு மேல் சக்தியைக் கொட்டக்கூடாது. சேவையில் இருக்கும் எந்த டிஷ்ஷும் கெடாமல் இருக்க, ஓடுபவர்கள் அந்த வளையத்தைச் சுற்றி ஒரு விலக்குப் பட்டையை வைத்துக்கொள்கிறார்கள். ஸ்பேஸ்எக்ஸ் அமெரிக்க ஆணையத்திடம் தாக்கல் செய்த திட்டத்தில் அது 18 பாகை. வளையத்துக்கு இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 18. அந்தப் பட்டைக்குள் தென்படும் துணைக்கோளம் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்த நேரம் உங்களோடு பேசாது.

லண்டனில் அந்தப் பட்டை தெற்கு மூலையில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். தலைக்கு மேலே உள்ள வானம் அப்படியே கிடைக்கும். நமக்கோ பட்டை நடுவானத்தையே எடுத்துக்கொள்கிறது. மிகப் பக்கமான, மரமும் கட்டடமும் மறைக்காத இடம் அதுதான். மிஞ்சுவது வடக்கிலும் தெற்கிலும் சாய்ந்த இரண்டு துண்டுகள். கோபுர வீடுகளுக்கு நடுவே டிஷ் வைத்தால் அந்தத் துண்டுகளில் ஒன்று கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். காட்டுக்குள் வைத்தால் மரத்துக்குப் பின்னால்.

மலேசியா 2023 ஜூலையில் ஸ்டார்லிங்க்குக்கு உரிமம் தந்தது. சபா, சரவாக் உட்புறங்களில் கம்பிவடம் போக முடியாத பள்ளிகளைப் பற்றித்தான் அப்போது அதிகம் பேசப்பட்டது. அந்தப் பள்ளிகள் இருப்பது பூமத்தியரேகையிலிருந்து சில பாகை தூரத்தில், மரங்களுக்கு நடுவே.

கவனித்தீர்களா, இங்கே கருவி எதையும் "கேட்பதில்லை". எந்தத் துணைக்கோளம் எந்த விநாடியில் எங்கே இருக்கும், வளையம் எங்கே இருக்கிறது, உங்கள் டிஷ் எங்கே இருக்கிறது எல்லாம் முன்கூட்டியே தெரியும். எந்தத் துணைக்கோளம் எந்த டிஷ்ஷோடு பேச வேண்டும் என்பதை ஸ்டார்லிங்க் கட்டமைப்பு 15 விநாடிக்கு ஒருமுறை மாற்றி எழுதுகிறது. மிட்டோலாவின் யோசனையில் இருந்த "கவனி, முடிவெடு, செயல்படு" என்ற சுழற்சியில், கவனிப்பதன் இடத்தைக் கணிதம் பிடித்துக்கொண்டது.

வரம்பைத் தளர்த்தலாமா?

2000இல் அந்த வரம்பை எழுதியபோது மனத்தில் இருந்தவை டெலிடெசிக், ஸ்கைபிரிட்ஜ் போன்ற திட்டங்கள். இரண்டுமே சேவைக்கு வரவில்லை. கால் நூற்றாண்டுக்கு முந்திய ஊகங்களை வைத்து இன்றைய ஆயிரக்கணக்கான துணைக்கோளங்களைக் கட்டிப்போடுவது நியாயமா என்று ஸ்பேஸ்எக்ஸ், அமேசான் போன்ற நிறுவனங்கள் கேட்கின்றன. வரம்பைத் தளர்த்தினால் அதே துணைக்கோளங்களால் இன்னும் பல பேருக்குச் சேவை தர முடியும் என்பது அவர்கள் வாதம். நிலையான துணைக்கோளம் வைத்திருப்பவர்கள், "எங்கள் டிஷ்களைக் காப்பது அந்த ஒரு வரிதான்" என்கிறார்கள். இரு தரப்புக்கும் வியாபாரம் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே இரு தரப்பின் அறிக்கைகளையும் படியுங்கள்.

2023இல் துபாயில் நடந்த உலக மாநாடு, இதை ஆராயலாம், ஆனால் இப்போதைக்கு விதி மாறாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. 2025இல் அமெரிக்க ஆணையம் தன் நாட்டளவில் மறுஆய்வைத் தொடங்கியது. அடுத்த உலக வானலை மாநாடு 2027இல் ஷாங்ஹாயில்.

அங்கே நம் வட்டாரத்தின் கணக்கு நேரானது அல்ல. வரம்பு தளர்ந்து விலக்குப் பட்டை ஒடுங்கினால், அதனால் அதிக வானம் திரும்பக் கிடைக்கப்போவது பூமத்தியரேகைக்கு அருகே உள்ளவர்களுக்கே. சரவாக் பள்ளியின் டிஷ்ஷுக்கு நடுவானம் கொஞ்சம் திறக்கும். ஆனால் நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும் பழைய டிஷ்கள், தாழ்பாதைத் துணைக்கோளங்கள் மிகப் பக்கத்தில் கடந்துபோகும் அதே நடுவானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவையும் இங்கேதான் அதிகம்.